ஈவ் ஆன்லைனில் பொருள் செய்தலும் ஆய்வும்: நெடுநாள் ஆட்டக்காரர் ஒருவரின் மதிப்புரை

பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில் பொருள் செய்யும் வேலை பெரும்பாலும் ஒப்புக்கு வைத்த ஏற்பாடாகவே இருந்துவிடுகிறது. மூலிகையும் தாதுவுமாக நாள்கணக்கில் பொறுக்கிச் சேர்த்து ஒரு வாளைச் செய்து முடித்தால், அடுத்த குகையில் ஓர் அரக்கனை வீழ்த்தியதும் அதைவிட நல்ல வாள் இலவசமாகக் கிடைத்துவிடும். செய்தவருக்கு மிஞ்சுவது அலுப்புதான். ஐஸ்லாந்தின் ரெய்க்ஜாவிக் நகரிலிருந்து இயங்கும் சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் ஆட்டம் இந்த ஓர் இடத்தில் மற்ற ஆட்டங்களிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. அங்கே சந்தையில் விற்பனைக்கு இருக்கும் கப்பல்களில் பெரும்பான்மையானவை இன்னோர் ஆட்டக்காரர் கனிமம் வாங்கி, புளூபிரிண்ட் எனும் செய்முறை வரைபடத்தை வைத்து, காத்திருந்து கட்டியவை. போரில் அழிந்த கப்பல் திரும்ப வராது. அதை இழந்தவர் மறுபடியும் சந்தைக்கு வந்தாக வேண்டும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் நடந்த ஒரே போரில் டைட்டன் எனும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன என்றால், அவற்றில் ஒவ்வொன்றின் பின்னாலும் பல மாத உழைப்பைக் கொட்டிய கூட்டம் ஒன்று இருந்தது என்றே பொருள்.

ஆகவே ஈவின் உற்பத்தி முறையை ஒரு பக்கக் கூறாக எண்ணி மேலோட்டமாக மதிப்பிட முடியாது. அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவன் என்ற முறையில், அது எவ்வாறு மேம்படுத்தப்பட்டது, எந்த மாற்றம் பலித்தது, எது பலிக்கவில்லை, இன்னும் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுத விரும்புகிறேன். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒரு மாற்றம் வந்தபின் ஆட்டக்காரர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவுகள் கூடினவா, அல்லது யோசிக்காமல் செய்து தீர்க்க வேண்டிய வேலைகள் மட்டும் கூடினவா?

முதலில் அடிப்படை. எந்தப் பொருளைச் செய்யவும் அதற்குரிய புளூபிரிண்ட் வேண்டும். அசல் புளூபிரிண்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஆய்வுக்கு அனுப்பி மேம்படுத்தலாம், அதிலிருந்து நகல்களும் எடுக்கலாம். நகலோ குறிப்பிட்ட தடவைகளுக்கு மட்டுமே உழைத்து மறைந்துவிடும். அதை மேம்படுத்தவும் முடியாது. அசலின் மீது நடக்கும் ஆய்வு இரண்டு திசைகளில் செல்கிறது. பொருட்சிக்கனத்தில் 10 படிகள் உண்டு, படி ஒன்றுக்குத் தேவையான பொருள் 1 விழுக்காடு குறையும். நேரச்சிக்கனத்திலும் 10 படிகள் உண்டு, அங்கே படிக்கு 2 விழுக்காடு வீதம் மொத்தம் 20 விழுக்காடு வரை உற்பத்தி நேரம் குறையும். ஆய்வு மெய்யான கடிகாரத்தின்படி நடக்கிறது. கணினியை அணைத்துவிட்டு உறங்கினாலும் அது நிற்பதில்லை. படி ஏற ஏற நேரம் பன்மடங்காகப் பெருகும். தோட்டா போன்ற எளிய பொருளின் அசல் சில நாள்களில் பத்தாம் படியை எட்டிவிடும். கப்பல்களுக்கு அது வாரங்களாகவும் மாதங்களாகவும் நீளும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒரு சிறிய விதியில் இருக்கிறது. ஓர் அசல் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வரை அதை வைத்து எதையும் செய்ய முடியாது. அதாவது ஆய்வுக்கு அனுப்பும் ஒவ்வொரு நாளும் விற்பனையை இழக்கும் நாள். எட்டாம் படியோடு நிறுத்திக்கொண்டு இன்றைக்கே கட்டத் தொடங்குவதா, கடைசி இரண்டு விழுக்காட்டுக்காக இன்னும் பல வாரம் பொறுத்திருப்பதா? இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. போர் மூண்டு விலை ஏறியிருக்கும் வாரத்தில் ஒரு விடை, சந்தை படுத்துக் கிடக்கும் வாரத்தில் வேறொரு விடை. வேறு பல ஆட்டங்களில் ஆய்வு என்பது நேரம் கழிந்தால் தானே முடிந்துவிடும் ஒரு மணற்கடிகாரம். இங்கே அது விதைநெல்லை விற்பதா விதைப்பதா என்று விவசாயி கணக்குப் போடுவதைப் போன்றது.

இவ்வளவு நல்ல அடிப்படையைக் கொண்டிருந்தும், முதல் பதினோரு ஆண்டுகள் இந்த முறை பலரையும் விரட்டியடித்தது. அன்றைய பொருட்சிக்கனத்துக்கு மேல்வரம்பே கிடையாது. ஆய்வு செய்யாத அசலில் பொதுவாகப் பத்து விழுக்காடு கனிமம் வீணாகும். அந்த வீண் அளவை, படியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி வந்த தொகையால் வகுப்பார்கள். ஒன்றாம் படியில் 5 விழுக்காடு, நான்காம் படியில் 2, ஒன்பதாம் படியில் 1 என்று குறைந்துகொண்டே போகும். சுழியத்தை ஒருபோதும் தொடாது. புதிதாக வந்தவருக்கு இந்த எண்ணின் பொருளே விளங்காது. ஐம்பதாம் படி என்று விற்பனைக்கு வரும் புளூபிரிண்ட் பத்தாம் படியைவிட ஐந்து மடங்கு சிறந்தது என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களை நான் அறிவேன். உண்மையில் இரண்டுக்கும் இடையே ஒரு விழுக்காட்டு வேறுபாடுகூட இல்லை.

அதைவிடக் கொடுமையானது ஸ்லாட் முறை. ஒவ்வொரு நிலையத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆய்வு இடங்கள் இருந்தன. பாதுகாப்பான மண்டலங்களின் பொது ஆய்வுக்கூடங்களில் வரிசை வாரக்கணக்கில் நீண்டு கிடந்தது. ஒருவர் தன் அசலைக் கொடுத்துவிட்டு, ஆய்வு நடப்பதற்காக அன்று, தன் முறை வருவதற்காகவே காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் எடுப்பதற்கு ஒரு முடிவும் இல்லை. இருந்த ஒரே மாற்று வழி, விண்வெளியில் சொந்தமாக ஒரு கோபுர நிலையம் நட்டு, அதற்கு மாதந்தோறும் எரிபொருள் ஊற்றிப் பராமரிப்பது. அதுவும் பாதுகாப்பான பகுதியில் நட வேண்டுமென்றால் அப்பகுதியை ஆளும் பேரரசின் நன்மதிப்பை நெடுநாள் சேவை செய்து ஈட்டியிருக்க வேண்டும்.

2014 ஜூலை 22 அன்று வந்த கிரியஸ் விரிவாக்கம் இதைத் தலைகீழாக மாற்றியது. என் கருத்தில் இணைய விளையாட்டுகளின் தொழில் முறைகளில் நடந்த மிகச் சிறந்த சீர்திருத்தங்களுள் இது ஒன்று. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்லாட்டுகள் ஒழிக்கப்பட்டன. எந்த நிலையத்திலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் வேலையைத் தொடங்கலாம். ஆனால் அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கடந்த 28 நாள்களில் ஒரு மண்டலத்தில் அந்த வகை வேலை எவ்வளவு நடந்தது, ஆட்டம் முழுவதிலும் நடந்ததில் அது எவ்வளவு பங்கு என்று கணித்து, மண்டலத்துக்கு மண்டலம் ஒரு செலவுக் குறியீடு வைத்தார்கள். கூட்டம் கூடினால் குறியீடு ஏறும், கூட்டம் கலைந்தால் இறங்கும். முன்பு வரிசையில் நின்று செலுத்திய அதே விலையை இப்போது பணமாகச் செலுத்துகிறோம்; ஆனால் பணத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும், தவிர்க்க முடியும், வேறிடம் தேட முடியும்.

இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்த முடிவுகள் எத்தனை! ஆட்டத்தின் பெருஞ்சந்தையான ஜிட்டாவுக்கு அருகே கட்டினால் கட்டணம் கூடுதல், ஆனால் சரக்கை ஏற்றிச் செல்லும் தொல்லை குறைவு. ஏழெட்டுத் தாவல் (ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குப் பாய்வது ஒரு தாவல்) தள்ளி ஒதுக்குப்புறமான மண்டலத்துக்குப் போனால் கட்டணம் சொற்பம்; ஆனால் கனிமத்தைக் கொண்டுபோவதும் கப்பல்களைத் திருப்பிக் கொண்டுவருவதும் உங்கள் பாடு. பாதுகாப்பான பகுதி என்று பெயர்தானே தவிர, அங்கேயும் வழிப்பறி செய்வோர் சரக்குக் கப்பலைச் சுட்டு வீழ்த்துவார்கள்; காவல் படையான கான்கார்ட் வந்து அவர்களைத் தண்டிக்கும், உங்கள் கப்பலைக் காப்பாற்றாது. நான் இரண்டாம் வழியைத்தான் தேர்ந்தேன். என் சிறு மண்டலத்தில் முதல் சில மாதங்கள் ஆளே இல்லை. பிறகு இன்னொருவர் வந்து பெரிய அளவில் கட்டத் தொடங்கினார். குறியீடு நாளுக்கு நாள் ஏறியது. அவரை நான் ஒருமுறைகூடப் பேச்சுப் பெட்டியில் கண்டதில்லை. என்றாலும் அவர் எப்போது மும்முரமாக இருக்கிறார், எப்போது ஊருக்குப் போயிருக்கிறார் என்று கட்டணத்தைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. முன்பின் அறியாத இருவர் வெறும் விலையின் வழியே ஒருவரையொருவர் உணர்வது, பலர் கூடி ஆடும் ஆட்டத்தில் மட்டுமே கிட்டக்கூடிய அனுபவம்.

கிரியஸ்தான் பொருட்சிக்கனத்துக்கும் பத்துப் படி என்ற வரம்பை வைத்தது. எண்ணைப் பார்த்ததும் பொருள் விளங்குகிறது: பத்து என்றால் பத்து விழுக்காடு, முடிந்தது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் நூறாம் படிவரை ஏற்றி வைத்திருந்த அசல்கள் எல்லாம் பத்துக்குள் அடங்கிப்போனதில் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தமே. ஆனால் புரியாத எண்ணில் ஆழம் இருப்பதாகத் தோன்றுவது வெறும் தோற்றம். வேலைக்கு வேண்டிய பொருள், நேரம், கட்டணம், விளையும் பண்டம் எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் வண்ணம் பிரித்துக் காட்டும் புதிய திரையும் அதோடு வந்தது. முன்பு பல பெட்டிகளைத் திறந்து மூடித் தேடிய விவரம் ஒரு பார்வையில் கிடைத்தது.

அந்த விரிவாக்கத்தில் வந்தவை எல்லாமே பலிக்கவில்லை. சிறப்புத் திறன் கொண்ட பணியாளர் அணிகளை ஏலம் எடுத்து ஒரு மண்டலத்துக்கு வரவழைக்கும் ஏற்பாடு ஒன்றும் அப்போது சேர்ந்தே வந்தது. காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் சீந்துவார் இல்லை. அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டார்கள். பலிக்காத ஒன்றைத் தயங்காமல் கைவிடுவதும் நல்ல மேம்பாட்டின் பகுதி என்பதால் இதை அவர்களுக்குச் சாதகமாகவே குறித்துக்கொள்கிறேன்.

சிக்கனம் பற்றிய விதிகளில் ஒரு நுட்பத்தைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. தேவையான பொருளின் அளவை வேலை முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டு, அதன் பின்னரே முழு எண்ணாக மேல்நோக்கி ஏற்றுகிறார்கள். பத்தாம் படியிலுள்ள ஒரு புளூபிரிண்ட்டுக்கு ஏதோ ஒரு பொருள் ஐந்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே ஒன்று செய்தால் நாலரை என்பது ஐந்தாகிவிடும், சேமிப்பே இல்லை. பத்தை ஒரே வேலையாகச் செய்தால் நாற்பத்தைந்துதான். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று என்று தேவைப்படும் பொருள் எந்தச் சிக்கனத்திலும் குறையாது. இரண்டாம் தரக் கப்பல் (இங்கே இரண்டாம் தரம் என்பது முதல் தரத்தைவிட மேம்பட்டது) ஒன்றைக் கட்ட அதன் முதல் தரக் கப்பல் ஒன்று வேண்டுமென்றால், பத்துக்குப் பத்து கொடுத்தே ஆக வேண்டும். இந்த விதியை அறிந்தவர் மொத்தமாகச் செய்வார். அதற்கு முதலீடு அதிகம் முடங்கும். முதலீடு முடங்கினால் விலை சரியும்போது அடி பலமாக விழும். ஒரு சிறு கணக்கு விதிக்குள் இத்தனை யோசனை ஒளிந்திருக்கிறது என்பதற்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாம் தரப் பொருள்களுக்கு வருவோம். இங்கே ஆய்வு வேறொரு வடிவம் கொள்கிறது. முதல் தரப் புளூபிரிண்ட்டின் நகலையும் டேட்டாகோர் எனப்படும் அறிவுப் பொருள்களையும் சேர்த்துக் கண்டுபிடிப்பு வேலையைத் தொடங்க வேண்டும். வெற்றி உறுதியில்லை. கப்பல்களில் பொருத்தும் கருவிகளுக்கு அடிப்படை வாய்ப்பு 34 விழுக்காடு. கப்பல் பெரிதாகப் பெரிதாக அது குறையும். ஆட்டக்காரரின் திறன்கள் அதைச் சற்று உயர்த்தும். வெற்றி பெற்றால் இரண்டாம் தரப் பொருளுக்கான நகல் ஒன்று, பொருட்சிக்கனம் 2, நேரச்சிக்கனம் 4 என்ற அளவில் கிடைக்கும். டிகிரிப்டர் என்ற துணைப்பொருளைச் சேர்த்தால் வாய்ப்பைக் கூட்டலாம், அல்லது வாய்ப்பை விட்டுக்கொடுத்துத் தடவைகளைக் கூட்டலாம், அல்லது சிக்கனத்தைக் கூட்டலாம். எதைச் செய்வது என்பது செய்யப்போகும் பொருளின் விலையைப் பொறுத்தது. என் அளவுகோலின்படி இது உயர்ந்த அமைப்பு. ஒரே பொருளைச் செய்யும் இருவர் இரு வேறு டிகிரிப்டர்களைப் பயன்படுத்தி இருவருமே இலாபம் காண முடிகிறது.

என் குறை ஒன்றுதான். தோல்வி எதையும் விட்டுச் செல்வதில்லை. டேட்டாகோர்களும் போய்விடும், நகலின் அந்தத் தடவையும் போய்விடும். நூறு முறை செய்பவருக்கு இது சராசரியில் சரியாகிவிடும். ஆனால் கையிலுள்ள பணத்தையெல்லாம் திரட்டி நான்கு முறை முயன்று நான்கிலும் தோற்ற புதியவருக்கு அந்தச் சராசரி ஆறுதல் தராது. தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் அதே பொருளின் அடுத்த முயற்சிக்கு ஒரு சிறு கூடுதல் வாய்ப்பை விட்டுச்சென்றால், மொத்தச் சராசரியைக் கெடுக்காமலேயே புதியவரைக் காப்பாற்றலாம். ஆய்வு என்ற சொல்லுக்கும் அதுவே பொருந்தும். தோல்வியிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளாத ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது?

இதன் அருகிலேயே ஒரு பழைய அநீதியும் கிடக்கிறது. கண்டுபிடிப்பு முறை வருவதற்கு முன்பு இரண்டாம் தரப் பொருள்களின் அசல் புளூபிரிண்ட்டுகள் குலுக்கல் முறையில் சில ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. குலுக்கல் எப்போதோ நின்றுவிட்டது. அந்த அசல்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை முழுமையாக ஆய்வு செய்து மேம்படுத்தலாம், முடிவில்லாமல் பயன்படுத்தலாம். டேட்டாகோருக்குச் செலவழிக்கும் மற்றவர்கள் அதே சந்தையில் அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒரே அசலால் ஒரு காலத்தில் செய்யக்கூடிய அளவு குறைவு என்பதால் பெரிய அளவில் விற்பனையாகும் பொருள்களில் இதன் தாக்கம் சிறிது. குறைவாக விற்கும் பொருள்களில் அது வெளிப்படையாகவே தெரியும். அவற்றைப் பறிக்கச் சொல்லவில்லை. நீண்ட தடவைகள் கொண்ட நகல்களாக அவற்றை மாற்றிவிட்டால் உடைமையும் மதிக்கப்படும், காலப்போக்கில் களமும் சமமாகும்.

கட்டுமானங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரியஸ் வந்தபோது, கோபுர நிலையத்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் அசல் புளூபிரிண்ட்டை அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதுவரை அசலைப் பத்திரமான நிலையத்தில் பூட்டி வைத்துக்கொண்டு தொலைவிலிருந்தே வேலை வாங்கலாம். நான் அன்று இந்த விதியைக் கடுமையாக வெறுத்தேன். இன்று அது சரி என்றே படுகிறது. கூடுதல் வேகம் வேண்டுமென்றால் கூடுதல் இடரையும் ஏற்க வேண்டும் என்பது மறுக்க முடியாத நியாயம். 2016 நவம்பரில் வந்த அசென்ஷன் விரிவாக்கம் ராய்ட்டாரு, அஸ்பெல், சோட்டியோ என்ற மூன்று தொழிற்கூட நிலையங்களைக் கொண்டுவந்தது. மூன்றுமே உற்பத்திக்கு வேண்டிய பொருளை 1 விழுக்காடு குறைக்கும். நேரச் சலுகை மட்டும் முறையே 15, 20, 30 விழுக்காடு. யார் வேண்டுமானாலும் ஒன்றை நட்டு, வரி நிர்ணயித்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். ஆய்வுக்கூடமே ஒரு கடையாக மாறியது. வரி குறைவான கூடத்தைத் தேடிப் போவதும், அந்தக் கூடம் அடுத்த வாரம் தாக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சுவதும் வாடிக்கையாளரின் புதிய கணக்குகளாயின.

2021 ஏப்ரலில் வந்த மாற்றத்தைப் பற்றி எனக்கு இரு மனம். அதற்கு முன்பு போர்க்கப்பல்களையும் அவற்றைவிடப் பெரிய தலைமைக் கப்பல்களையும் கட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. வெட்டிய கனிமத்தைக் கொட்டினால் கப்பல் வரும். ஆட்டத்தில் பெருங்கப்பல்கள் மலைபோல் குவிந்துவிட்டன. எனவே கோள்களிலிருந்து எடுக்கும் பொருள், வாயு மேகங்களிலிருந்து எடுக்கும் பொருள், நிலவுத் தாது என்று பல மூலங்களிலிருந்து வரும் புதிய உறுப்புகளைச் சேர்த்தால்தான் இக்கப்பல்களைக் கட்ட முடியும் என்று மாற்றினார்கள். நோக்கம் நன்று. எந்த ஒரு கூட்டமும் தன் எல்லைக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளாமல் மற்றவரோடு வணிகம் செய்ய வேண்டும் என்பது ஆட்டத்தின் ஆன்மாவுக்கு உகந்ததே. வாயு அறுவடை செய்யும் சிறு ஆட்டக்காரரின் சரக்குக்கு அதன் பிறகு நிலையான கேட்பு உண்டானதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஆனால் கட்டுபவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் சித்திரம் வேறு. ஒரு பெருங்கப்பலுக்கு முன்னால் வேதிவினைகள், இடைநிலை உறுப்புகள், அவற்றுக்கு வேண்டிய துணை உறுப்புகள் என்று அடுக்கடுக்காக வேலைகள் நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் தொடங்கு, காத்திரு, எடு, அடுத்ததைத் தொடங்கு. அடுக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப முடிவுகள் கூடவில்லை. எந்த இடைநிலை உறுப்பைத் தானே செய்வது, எதைச் சந்தையில் வாங்குவது என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது; அது நல்ல கேள்வியே, ஆனால் பத்தாவது அடுக்கில் அதற்கு விடை காண எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. இவ்வடுக்குகளில் சிலவற்றை நீக்கிவிட்டு, மாறாக ஒரே உறுப்பை இரண்டு வெவ்வேறு வழிகளில் செய்ய அனுமதித்திருக்கலாம். வாயு மலிவாக இருக்கும்போது ஒரு வழி, நிலவுத் தாது மலிவாக இருக்கும்போது இன்னொரு வழி. அப்போது வணிகமும் வளரும், கட்டுபவரின் அறிவுக்கும் வேலை இருக்கும்.

இவ்வளவு கணக்கையும் ஆட்டக்காரர்கள் எங்கே போடுகிறார்கள் என்றால், ஆட்டத்துக்கு வெளியேதான். விண்வெளியில் எக்செல் தாள் என்று ஈவை அழைப்பது பழைய வழக்கம். 2022 ஆம் ஆண்டு ரெய்க்ஜாவிக்கில் நடந்த ஃபேன்ஃபெஸ்ட் எனும் ரசிகர் விழாவில் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து ஆட்டத்தின் தரவுகளை நேராக எக்செலுக்குக் கொண்டுவரும் இணைப்பை அறிவித்தபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. நானும் மகிழ்ந்தேன். தரவைத் திறந்து வைத்திருப்பது இந்த ஆட்டத்தின் பெருந்தன்மைகளில் ஒன்று; அதனால் ஆட்டக்காரர்களே உருவாக்கிய அருமையான கருவிகள் பல உள்ளன. ஆனால் புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே, தான் செய்யப்போகும் பொருள் இலாபமா நட்டமா என்று அறிய ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறதே, அது நல்லதன்று. எனக்கு வேண்டியது ஒரு திட்டப் பலகை. செய்ய வேண்டிய பொருளைச் சொன்னால், அதன் கீழே வரும் எல்லா அடுக்குகளையும் கிளை கிளையாக விரித்து, கிடங்கில் இருப்பது எவ்வளவு, குறைவது எவ்வளவு, அதை வாங்கினால் இன்றைய விலையில் எவ்வளவு, செய்தால் எத்தனை நாள் என்று அது காட்ட வேண்டும். முடிவை அது எடுக்கக் கூடாது. முடிவுக்கு வேண்டியதைக் கண்முன் வைத்தால் போதும். அந்தப் பலகையிலிருந்தே ஒரே வகை வேலைகள் பலவற்றை ஒருசேரத் தொடங்கவும் முடிய வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் ஒரு பாத்திரம் முழுத் திறன் பெற்றபின் உற்பத்தியில் 11, ஆய்வில் 11 என்று வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தலாம். இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தொடங்குவதில் எந்தத் திறமையும் வெளிப்படுவதில்லை.

இன்னொரு சிறு திருத்தம். பல படிகளுக்குச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வை இடையில் நிறுத்தினால், அதுவரை கழிந்த நாள்கள் வீணாகின்றன. நிறுத்துவதற்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கு அனுப்பும் முடிவுக்கே கனம் இருக்காது. ஆனால் நேரம் கழிந்து முடிந்துவிட்ட படிகளையாவது கொடுத்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் படியை மட்டும் இழக்கச் செய்தால் தண்டனை அளவோடு இருக்கும்.

கூட்டாகத் தொழில் செய்வோருக்கான வசதிகளில்தான் மிகப் பெரிய இடைவெளி இருப்பதாக நினைக்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழு), பதினைந்து பேர் பணம் போட்டு வாங்கி, ஓராண்டுக்கு மேல் முறை வைத்து ஆய்வு செய்த அசல்களைப் பொதுக் கிடங்கில் வைத்திருந்தோம். நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒருவர் ஓர் இரவில் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரோகம் இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டதே. அதை நான் மாற்றச் சொல்லவில்லை. கிடங்கிலுள்ள புளூபிரிண்ட்டை இடம் மாற்ற முடியாதபடி வாக்கெடுப்பின் மூலம் பூட்டும் வசதி அப்போதே இருந்தது. ஆனால் அது பங்குகள், வாக்குகள் என்று பழைய சாளரங்களுக்குள் புதைந்து கிடந்தது. எங்கள் பதினைந்து பேரில் அதை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. பூட்டும் பொத்தான் உற்பத்திச் சாளரத்திலேயே, புளூபிரிண்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால், ஏமாறுவதும் ஏமாறாமல் இருப்பதும் எங்கள் முடிவாக இருந்திருக்கும். அந்தச் சம்பவத்துக்குப் பின் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை.

இந்தியாவிலிருந்து ஆடுவோருக்கு ஒரு நடைமுறைச் செய்தி. சேவையகம் இலண்டனில் இருந்தாலும், ஆட்டம் நொடிக்கு ஒருமுறை கணக்கிடும் முறையில் இயங்குவதால் இணையத் தாமதம் தொழில் செய்பவரை உறுத்துவதே இல்லை. தினமும் நம் நேரப்படி மாலை 4.30 மணிக்குப் பராமரிப்புக்காகச் சேவையகத்தைச் சிறிது நேரம் நிறுத்துவார்கள். உங்கள் வேலைகள் அப்போதும் கடிகாரத்தின்படி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து பத்து நிமிடம் வேலைகளை எடுத்து, புதியவற்றைத் தொடங்கிவிட்டுப் போகிறவருக்கு இந்த ஆட்டம் நன்றாகவே பொருந்துகிறது. 2016 நவம்பர் முதல் பணம் கட்டாமலும் ஆடலாம். திறன்களுக்கு வரம்பு உண்டு. முழு உறுப்பினர் கட்டணம் 2022 மே மாதம் முதல் மாதத்துக்கு 19.99 அமெரிக்க டாலர்; அது நம்மவர்களுக்குச் சுமைதான். ஆட்டத்துக்குள் ஈட்டும் பணத்தைக் கொண்டு பிளெக்ஸ் (உறுப்பினர் காலமாக மாற்றிக்கொள்ளும் ஆட்டப் பண்டம்) வாங்கியும் அதைக் கட்டலாம் என்றாலும், தொடக்கக் காலத்தில் அந்த அளவு வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தொடங்க நினைப்பவர் முதல் அசலாகக் கப்பலை வாங்க வேண்டாம். ஏதேனும் ஒரு தோட்டா வகையின் புளூபிரிண்ட்டை வாங்குங்கள். விலை குறைவு, ஆய்வு சில நாள்களில் முடியும், போர் நடக்கும் வரை தோட்டாவுக்குக் கேட்பு இருக்கும். ஜிட்டாவில் விற்க முயலாதீர்கள்; அங்கே விலையை வெட்டுவோர் அதிகம். சிறு சண்டைகள் ஓயாமல் நடக்கும் எல்லை மண்டலம் ஒன்றின் கடைசிப் பாதுகாப்பான நிலையத்தில் இருநூறு முந்நூறு என்று போட்டு வையுங்கள். ஜிட்டாவரை போக நேரமில்லாத எவரோ ஒருவர் அவசரமாக வந்து, நீங்கள் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துச் செல்வார்.